நிக்காஹுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை
(ஜமாஅத் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் சுருக்கம்)

  

நம் கொடைக்கானல் மலையிலிருந்து மாதந்தோறும் ஒரு சிறுவனை இரத்தம் ஏற்றுவதற்காக மதுரைக்கு அழைத்துச் செல்கின்றனர் அவனது பெற்றோர். அவனுக்குள்ள நோய் தலசீமியா. அவனுடைய தந்தையார் என்னிடம், "ஹஜ்ரத், குழந்தை வயிற்றிலிருக்கும்போதே ஸ்டெம் செல் செலுத்திக் குணப்படுத்தலாமாமே! அடுத்த பிள்ளைக்கு அதைச் செய்யலாமா?" என்று வினவினார். கேட்டறிந்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

செய்தி உண்மையே. சான்பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஆல்ஃபா தலசீமியா என்னும் கொடிய வகையால் கருவிலேயே மடியக்கூடிய சிசுவுக்கு, தாயின் எலும்பு மஜ்ஜை செல்களைத் தொப்புள்கொடி வழியே செலுத்தினர். கருவிலுள்ள சிசு தாயின் செல்களை அந்நியமாகக் கருதி எதிர்ப்பதில்லை என்பதே இதன் அடிப்படை. 2018 பிப்ரவரியில் அக்குழந்தை உயிருடன் பிறந்தது. எனினும் இரத்தம் ஏற்றும் தேவை நீங்கவில்லை. இம்முறை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

நம்மிடையே காணப்படும் பீட்டா தலசீமியாவோ பிறந்து சில மாதங்களுக்குப் பின்னரே தலைகாட்டும். பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையைப் பெற்றுச் செய்யும் மாற்றுச் சிகிச்சை அதற்கு உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1986 முதல் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. ஆனால் பொருத்தமும் பொருளும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆகவே, வருமுன் காப்பதே அறிவுடைமை. இக்குறையைச் சுமப்பவர் நோயின்றியே வாழ்வார், தமக்கே தெரியாது. கணவன், மனைவி இருவரும் சுமந்தால், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. சொந்தத்தில் மணமுடிப்பது மார்க்கத்தில் ஆகுமானதே. எனினும் ஒரே பாட்டனார் வழிக் குறை இருவரிடமும் இருக்கக்கூடும். ஹெச்.பி.ஏ.2 என்னும் இரத்தப் பரிசோதனை இதனைக் காட்டிவிடும்.

நிக்காஹ் பேசுமுன் இரு வீட்டாரும் இப்பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இயலாதோருக்கு பைத்துல்மாலிலிருந்து செலவை ஏற்குமாறு நிர்வாகத்தாரை வேண்டுகிறேன். முடிவு அவ்விரு குடும்பத்தோடு நிற்கட்டும். குறையுள்ள பெண்ணை ஏளனமாகப் பேசுவது பெரும் பாவம்.

அந்தத் தந்தையாருக்கு நான் கூறியது இதுவே: கரு தரித்தவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள், தொடக்க வாரங்களிலேயே சிசுவைச் சோதிக்க இயலும். மார்க்கத் தீர்ப்பு வேண்டின், 120 நாட்கள் கடக்குமுன் உலமாக்களை அணுகுங்கள்.

அல்லாஹ் நம் சந்ததிகளுக்கு ஆஃபியத்தை வழங்குவானாக! ஆமீன்.