கருங்கண்ணி யாருக்கும் தாயல்ல

  

என் வழக்கு இந்த அவையில் பலருக்குப் பாதி தெரியும். முன்வரிசையில் இருக்கும் என் சகாக்கள் சிலர் அதற்கு எதிர்க்கட்சி. அவர்கள் சொல்வது இது: நாடெங்கும் இன்று விளையும் அமெரிக்கப் பருத்தியின் பாதி மரபணுத்தொகுதி நம் நாட்டுப் பருத்தியான கருங்கண்ணியிடமிருந்து போனது. ஆகவே கருங்கண்ணி பரிணாமத்தில் ஒரு பழைய படி. வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் மரபணுக்களை அதிலிருந்து எடுத்துக்கொண்டு செடியைக் குளிர்பதன விதைக்கிடங்கில் வைத்துவிடலாம். இந்த வரலாறு தவறு என்பதே என் கட்சி. வரலாறு தவறியதால் அதன்மேல் எழுந்த வேலைத்திட்டமும் தவறியது.

பருத்தியில் இரண்டு வகையறா உண்டு. நம் நாட்டுப் பருத்திகளுக்கு 26 குரோமோசோம்கள்; அமெரிக்கப் பருத்திக்கு 52. அந்த 52இல் 26 பெரியவை, 26 சிறியவை என்று 1930களில் ஸ்காவ்ஸ்டெட் என்ற ஆய்வாளர் கண்டார். பெரியவை ஆசிய, ஆப்பிரிக்கப் பருத்திகளை ஒத்திருந்தன. சிறியவை அமெரிக்கக் காட்டுப் பருத்திகளை ஒத்திருந்தன. 1940இல் டெக்சாஸில் பீஸ்லி என்ற ஆய்வாளர், நம் கருங்கண்ணி சேர்ந்த ஆர்போரியம் இனத்தை ஓர் அமெரிக்கக் காட்டுப் பருத்தியோடு ஒட்டுச்சேர்த்து, கால்ச்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொண்டு குரோமோசோம்களை இரட்டிப்பாக்கினார். 52 குரோமோசோம் செடி ஒன்று வளமாக எழுந்தது. அமெரிக்கப் பருத்தியோடு சேர்ந்து விதையும் கொடுத்தது. இரண்டு வம்சங்கள் கூடிப் பிறந்ததே அமெரிக்கப் பருத்தி என்பது அத்தோடு உறுதியாயிற்று. ஆனால் ஆர்போரியமே தாய் என்ற எண்ணமும் அன்றே பலர் மனத்தில் குடியேறிவிட்டது. ஒரு செடியைக் கொண்டு செய்துகாட்ட முடிகிறது என்பதற்காக, இயற்கையும் அந்தச் செடியைக் கொண்டுதான் செய்தது என்றாகிவிடாது.

இதற்கு மறுப்பு நம் புஞ்சையிலேயே நின்றது. ஒரு காலத்தில் திருநெல்வேலிப் பருத்தி என்று கப்பலேறிய சரக்கு ஒரே இனமல்ல, கருங்கண்ணியும் உப்பமும் கலந்தது. கருங்கண்ணி ஆர்போரியம், உப்பம் ஹெர்பேசியம். ஐப்பசி மழைக்கு ஒரே கரிசலில் முளைத்து, வண்டும் தேனீயும் மகரந்தத்தை மாற்றி மாற்றிக் கொண்டுபோயும், இரண்டும் ஒன்றாகிக் கரைந்துவிடவில்லை. ஒட்டு விழுந்தால் முதல் தலைமுறை செழித்து நிற்கும். அடுத்த தலைமுறையில் நோஞ்சான் செடிகள் தலைகாட்டும். காரணத்தை நுண்ணோக்கியில் காணலாம். இரண்டுக்கும் இடையே ஓரிடத்தில் குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. ஒட்டுச்செடியில் அவை இரண்டிரண்டாக இணைசேராமல் நான்கு சேர்ந்த வளையமாகக் கோத்துக்கொள்கின்றன.

இந்த வளையங்களை வைத்து 1953இல் கெர்ஸ்டல் என்ற ஆய்வாளர் கணக்குப் போட்டார். அமெரிக்கப் பருத்தியின் பெரிய குரோமோசோம்களுக்கும் உப்பத்தின் இனத்துக்கும் இடையே இரண்டு இடமாற்றங்கள். கருங்கண்ணியின் இனத்தோடு மூன்று. அப்படியானால் உப்பமே நெருங்கிய உறவு என்றார். அப்போதே தாய்ப்பட்டம் கருங்கண்ணியை விட்டு நழுவியிருக்க வேண்டும். நழுவவில்லை. 2014இல் ஆர்போரியத்தின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோதும் அதே பழைய பேச்சு தொடர்ந்தது.

2020இல் சீன ஆய்வாளர்களின் தலைமையில் வந்த ஆய்வு இரண்டு இனங்களையும் அமெரிக்கப் பருத்தியையும் அருகருகே வைத்துப் படித்தது. அமெரிக்கப் பருத்தி உருவானது ஏறத்தாழ 10 முதல் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன். உப்பமும் கருங்கண்ணியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்ததோ ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகளுக்கு முன்தான். கடல் கடந்துபோய்த் தாயானது, இவை இரண்டுக்கும் மூத்த, இன்று எங்கும் உயிரோடு இல்லாத ஓர் இனம். கருங்கண்ணி பிறக்கும் முன்பே அமெரிக்கப் பருத்தி பிறந்துவிட்டது. பிந்திப் பிறந்த ஒன்று எப்படித் தாயாகும்? எப்படிப் பழைய படியாகும்?

அவையோரே, இது வெறும் வம்சாவளித் தகராறு அல்ல. கருங்கண்ணி அந்தப் பொது மூதாதையிடமிருந்து பிரிந்து தனக்கென ஒரு வழி நடந்திருக்கிறது. அதன் மரபணுத்தொகுதியில் தாவும் துணுக்குகளான ரெட்ரோடிரான்ஸ்போசான்கள் அலையலையாகப் பெருகின. அமெரிக்கக் காட்டுப் பருத்தி வம்சத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு டி.என்.ஏ. அதற்கு உண்டு. பிறகு மனிதன் கைக்கு வந்து, பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணில், கோடையில் ஈரத்தைத் தேடி ஆணிவேரை ஆழ இறக்கி வாழ்ந்திருக்கிறது. பருத்தி இலைச்சுருள் வைரஸ் அதை அண்டுவதில்லை. 1901இல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் இந்தச் செடியிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த கே வரிசை ரகங்கள் மானாவாரி சம்சாரியின் வீட்டில் அடுப்பெரிய வைத்தவை. அவற்றை இழை நீளம் என்ற ஒரே அளவுகோலால் அளந்து, கம்போடியா என்ற அமெரிக்கப் பருத்தி ரகத்துக்குப் பின்னால் நிறுத்தியது அநியாயம். கம்போடியாவுக்குக் கிணற்றுத் தண்ணீர் இருந்தது.

இனி, பருத்தி இழையைப் பற்றிய இரண்டாவது சச்சரவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் ஆய்வைத் தொடங்கியது புரத உற்பத்தியில். கோதுமை முளைச்சாற்றில், மரபணுவின் செய்தியைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.வை விட்டு எவ்வளவு புரதம் தேறுகிறது என்று பார்த்த காலம் அது. பருத்தி இழை ஒரே ஒரு செல். விதையுறையின் மேல்தோலிலிருந்து, பூ விரியும் நாளில் கிளம்பி நீள்கிறது. செல்லுலோசை நெய்யும் புரதத்தின் மரபணுக்கள் தாவரங்களில் முதன்முதலாக 1996இல் அடையாளம் காணப்பட்டதே இந்தப் பருத்தி இழையில்தான். அமெரிக்கப் பருத்தியில் ஒவ்வொரு மரபணுவுக்கும் பெரும்பாலும் இரண்டு பிரதிகள், வம்சத்துக்கு ஒன்று. இழையின் தரத்தை ஆளும் இடங்களில் பெரும்பங்கு, நூற்க இழையே தராத தந்தை வம்சமான அமெரிக்கக் காட்டுப் பருத்தியின் பக்கம் கிடப்பதாக 1998இல் ஒரு குழு காட்டியது. ஏன்? என் சகாக்கள் இரு பிரதிகளின் தூது ஆர்.என்.ஏ.வையும் எண்ணிப் பார்த்துவிட்டு விடை கண்டதாக எழுதுகிறார்கள். எண்ணிக்கை சரிதான். ஆனால் எல்லாத் தூதும் ஒரே வேகத்தில் புரதமாவதில்லை. சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், புரதத்தை உருவாக்கும் இயந்திரமான ரிபோசோமின் அமைப்பை விளக்கியதற்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த இயந்திரத்தின் வாசலில் எது நுழைகிறது, எது காத்திருக்கிறது என்று பார்க்காமல், வறண்ட செல்லில் எந்தப் பிரதி வேலை செய்கிறது என்று சொல்லிவிட முடியாது.

நேரம் நெருங்கிவிட்டது. இளையவர்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய சில வேலைகளை மட்டும் சொல்கிறேன். கருங்கண்ணி இழையில், ஈரக் கரிசலிலும் காய்ந்த கரிசலிலும், ரிபோசோம் ஏறிய தூதுகளைத் தனியே பிரித்துப் படிக்க வேண்டும். அதற்கான முறைகள் இப்போது கைவசம் இருக்கின்றன. கிடங்கில் உறங்கும் விதையையும் ஆண்டுதோறும் விதைக்கப்படும் விதையையும் ஒப்பிட்டு, தாவும் துணுக்குகளில் என்ன வேறுபாடு என்று பார்க்கலாம். குட்டை இழைக்கேற்ற நூற்பு பற்றிப் பொறியியல் துறையினர் யோசிக்க வேண்டும். மருத்துவப் பஞ்சுக்கு அந்த இழையே உகந்தது என்பதையும் கணக்கில் கொள்ளட்டும். உப்பத்தை நாம் அநேகமாக மறந்தேவிட்டோம். ஒட்டப்பிடாரம், விளாத்திகுளம் பக்கம் எந்த ஓடைக்கரையிலாவது, எந்த வேலியோரத்திலாவது ஒரு செடி நின்றால், ஊர்ப்பெயர், மண், விதைத்த மாதம் எல்லாம் எழுதிய சீட்டோடு விதையைக் கோவில்பட்டி நிலையத்தில் சேர்க்க வேண்டும். இந்த ஐப்பசிக்கு முன்பே தேடத் தொடங்கலாம்.