பாயசமும் சர்க்கரை வியாதியும்



நவராத்திரி வந்தால் நம் வலியசாலையில் கொலு உண்டு. பாயசமும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் என்ன செய்வார்? 2023-இல் வந்த ஆய்வின்படி, கேரளத்தில் பெரியவர்கள் நான்கு பேரில் ஒருவருக்கு இந்த வியாதி.

"சீனி இல்லை, வெல்லம்தான் போட்டேன்" என்பார்கள். மலையாளத்தில் வெல்லத்துக்குப் பெயரே சர்க்கரை! இரத்தத்தில் கலந்தால் இரண்டும் ஒன்றே. அடைப் பிரதமன் ஆசையா? இரண்டு கரண்டி போதும். அன்று சோற்றைக் குறையுங்கள். அவியலில் சேனை, நேந்திரங்காய் குறையட்டும். முருங்கைக்காய், வெள்ளரிக்காய் கூடட்டும்.

சுண்டல் நல்லது. கொண்டைக்கடலையை இரவே ஊறப்போடுங்கள். வேகவைத்து, கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளியுங்கள். தேங்காய்ப்பூ ஒரு பிடி. கடலை இரத்தத்தில் சர்க்கரையை மெதுவாகத்தான் ஏற்றும்.

விரதம் இருப்பவர்களே, மாத்திரையோ ஊசியோ போட்டுவிட்டுப் பட்டினி கிடக்காதீர்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். டாக்டரை முன்பே கேளுங்கள். வியர்த்துக் கை நடுங்கினால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். உடனே மூன்று ஸ்பூன் சீனியை நீரில் கரைத்துக் குடியுங்கள். அப்போது சீனிதான் மருந்து. மயங்கியவர் வாயில் மட்டும் எதுவும் ஊற்றாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.