இரு வழியும் ஒரு பயணமும்



திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்ல நம் முன்னோர் கொட்டியாரக்குடாவைப் படகில் கடந்தனர். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின் தரைவழியும் எளிதாயிற்று. வழிகள் இரண்டு தெரிந்திருப்பினும், ஒரு பயணத்தை ஒரு வழியாலேயே செய்ய இயலும். ஒரு கணினிக்கு இரண்டு இணைய இணைப்புகள் இருக்கும்போதும் நிலைமை இதுவே. அவற்றுள் எதனைத் தெரிவது, எவ்வாறு தெரிவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

க. பொ. த. சாதாரண தரப் பரீட்சைக்கான பாடசாலை விண்ணப்பங்கள் இப்போது அதிபர் வழியாக இணையத்திலேயே அனுப்பப்படுகின்றன. ஓராண்டு இறுதி நாளன்று கடும் மழை. எங்கள் அலுவலகக் கணினிக்கு வடம் வழியாக ஓர் இணைப்பு இருந்தது. அது இயங்காமையால், என் கைத்தொலைபேசியின் இணைப்பையும் வைஃபை மூலம் கொடுத்தோம். அப்போதும் பக்கம் திறக்கவில்லை. இரண்டும் பழுது என்று எண்ணிச் சோர்ந்து அமர்ந்தேன். பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு என் மேசையில் தேங்கிக் கிடந்தது. அருகில் நின்ற மாணவி ஒருத்தி, “சேர், வடத்தைக் கழற்றிப் பார்ப்போமா?” என்றாள். கழற்றினோம், கணப்பொழுதில் பக்கம் திறந்தது.

காரணம் யாது? ஒவ்வோர் இணைப்புக்கும் கணினி ஓர் எண்ணை இடுகின்றது. அதற்கு மெட்ரிக் என்று பெயர். சிறிய எண்ணுடைய இணைப்பே முதலிடம் பெறும். விண்டோஸ் கணினி இவ்வெண்ணைத் தானாக இடும்போது இணைப்பின் வேகத்தைப் பார்த்தே இடுகின்றது. ஆனால் அவ்வேகம், கணினிக்கும் அறையிலுள்ள ரூட்டருக்கும் இடையிலான வேகமேயன்றி, ரூட்டருக்கு அப்பாலுள்ள உலகத்தோடு நமக்குள்ள வேகமன்று. வெளியே கம்பி அறுந்திருந்தாலும் உள்ளே வடம் நலமாகவே தோன்றும். படகுத்துறை வரை பாதை நன்றாயிருக்கக் கண்டு, கடற்கொந்தளிப்பை அறியாது புறப்படுபவன் போன்றது கணினியின் நிலை.

ஆதலால் நாம் அறிந்திருக்க வேண்டியவை சில. அவசர வேளையில் பழுதான இணைப்பைக் கழற்றிவிடுவதே விரைவான பரிகாரம். அன்றாடப் பயனுக்கு, வலையமைப்பு அமைப்புகளில் குறித்த இணைப்பின் பண்புகளைத் திறந்து, மெட்ரிக் தானாக இடப்படுவதை நீக்கி, விரும்பிய இணைப்புக்கு 10 என்றும் மற்றையதற்கு 50 என்றும் நாமே எழுதலாம். மாக் கணினியில் இணைப்புகளின் வரிசையை மாற்றினாற் போதும். கைத்தொலைபேசித் தரவு அளவோடு கிடைப்பது. ஆகவே அவ்விணைப்பை ‘அளவிடப்படும் இணைப்பு’ என விண்டோஸில் குறித்துவைத்தால், பெரும்பாலான புதுப்பித்தல்கள் நம்மை அறியாமல் அதனை உண்டுவிடமாட்டா. இரண்டு இணைப்புகளை ஒருங்கே கொடுத்தால் வேகம் இரட்டிக்கும் என்று நம்புவோரும் உளர். அது தவறு, சாதாரண அமைப்பில் ஒன்று வேலை செய்ய, மற்றையது காத்திருக்கும். இரு இணைப்புகளையும் சோதித்துத் தாமே மாறிக்கொள்ளும் ரூட்டர்களும் உண்டு; வசதியுள்ள அலுவலகங்களுக்கு அவை ஏற்றவை.

2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு புரெவிப் புயல் நம் மாவட்டக் கரையிலேயே ஏறியதை நாம் மறந்திலோம். காற்றும் மழையும் நமக்குப் புதியன அல்ல. ஆகவே இரண்டாவது வழியொன்று வேண்டியதே. ஆனால் அதனை வைத்திருப்பது மட்டும் போதாது. வானம் தெளிந்திருக்கும் நாளொன்றில் முதல் இணைப்பைக் கழற்றிவிட்டு, இரண்டாவது இயங்குகின்றதா என்று பார்த்துவையுங்கள். எங்கள் அலுவலகத்தில் தவணைக்கு ஒருமுறை அதனைச் செய்கிறோம். செய்பவள் அந்த மாணவியின் தங்கை.