பன்றி வளர்ப்பில் அடுப்பின் பங்கு

(எல்லைப்புறச் சிற்றூர் ஒன்றில் பன்றி வளர்ப்போரிடையே ஆற்றிய உரை)



சித்தூர்ப் பக்கத்துச் சிறு உழவருக்கும் உடும்பன்சோலைத் தோட்டத் தொழிலாளிக்கும் பன்றி வளர்ப்பு ஏற்றதொரு துணைத்தொழிலாகும். இதற்குப் பரந்த நிலம் வேண்டியதில்லை. சினைக்காலம் 114 நாட்களே. ஓர் ஈற்றில் எட்டு முதல் பன்னிரண்டு குட்டிகள் வரை கிடைக்கும். வெண் யார்க்‌ஷயர் போன்ற இனங்கள், நல்ல பராமரிப்பில், எட்டு மாதங்களில் 80 கிலோவுக்கு மேல் எடை பெறும். ஈன்ற முதல் வாரத்தில் குட்டிகளுக்கு இரும்புச்சத்து ஊசி இடுதல் இன்றியமையாதது. தாய்ப்பாலில் அச்சத்து மிகக் குறைவு.

செலவில் பெரும்பங்கு தீவனத்துக்கே ஆகிறது. ஆகவேதான் உணவு விடுதிகளின் மிச்சத்தை நாடுகிறோம். ஆதாயம் அதில்தான் உள்ளது. ஆபத்தும் அதில்தான் உள்ளது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் 2020இல் அஸ்ஸாமில் தோன்றியது. 2022 ஜூலையில் வயநாட்டிலும், அவ்வாண்டின் இறுதிக்குள் இடுக்கியிலும் புகுந்தது. மனிதரை இந்நோய் தொற்றாது. பன்றிகளுக்கோ பெரும்பாலும் மரணமே. நம் நாட்டில் இதற்குத் தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை. வேகாத இறைச்சித் துண்டு, காலணி, வண்டிச் சக்கரம், காட்டுப்பன்றி ஆகியவற்றின் வழியே கிருமி வந்துவிடும்.

நோய் உறுதியான இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள பன்றிகள் அனைத்தும் அழிக்கப்படுகின்றன. நோயற்ற பன்றிகளுக்கும் விலக்கில்லை. எடைக்கேற்ப இழப்பீடு உண்டு. ஆயினும் பல தலைமுறைக் குட்டிகளை ஈன வேண்டிய தாய்ப்பன்றியை அது மீட்டுத் தராது. ஒருவரது கவனக்குறைவுக்கு ஊரே விலை கொடுக்க நேர்கிறது.

எனவே, மிச்ச உணவைக் கிளறிக்கிளறி, குறைந்தது அரை மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பின்னரே இடுங்கள். விறகுச் செலவைக் கணக்கில் சேருங்கள். அதையும் சேர்த்து ஆதாயம் வராதெனில் பன்றிகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். கொட்டிலுக்கெனத் தனிக் காலணி வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கியவற்றை ஒரு மாதம் தனியே அடையுங்கள்.

காய்ச்சலுற்ற பன்றியை எல்லை தாண்டி மலிவாக விற்றுவிடலாம் என்ற எண்ணம் எழக்கூடும். அன்று கைக்கு வரும் பணம், அண்டை வீட்டாரின் சேமிப்பிலிருந்து எடுத்ததாகும். உடனே கால்நடை மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

உங்கள் அடுப்பு அவர் கொட்டிலுக்குக் காவல். அவர் அடுப்பு உங்கள் கொட்டிலுக்குக் காவல்.