பதிவேட்டில் இல்லாத பாட்டனார்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பொறியாளனைப் பேசக் கூப்பிட்டால் பாலம், மோட்டார் என்று ஏதாவது பேசுவான்னு எதிர்பார்த்திருப்பீங்க. நான் பேசப் போவது ஸ்காட்லாந்து தேவாலயங்களின் பழைய பதிவேடுகளைப் பற்றி. பழுது கண்டுபிடிக்கிற தொழிலில் இருப்பவனுக்கு இதில் நல்ல பாடம் ஒன்று இருக்கு. அதனால்தான் இந்தத் தலைப்பு.

அந்த நாட்டில் பிறப்பு, இறப்பு, திருமணத்தை அரசாங்கம் கட்டாயமாகப் பதியத் தொடங்கியது 1855 ஜனவரி 1-ஆம் தேதி. அதற்கு முன்னால் ஞானஸ்நானம், கல்யாண ஓலை, அடக்கம் இவற்றையெல்லாம் சேகரத்துச் சபைதான் எழுதி வைத்தது. பல ஊர்களில் பள்ளிக்கூட வாத்தியாரே சபைக் குமாஸ்தா. இருப்பதில் மிகப் பழைய பதிவேடு பெர்த்ஷயர் பகுதியில் எரல் என்ற ஊருடையது, 1553-ல் தொடங்குகிறது. இப்படி 900-க்கு மேற்பட்ட சேகரங்களின் ஏடுகள் இன்று எடின்பரோவில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் முன்னோரைத் தேடுகிறவர்கள் இந்த ஏடுகளைத்தான் புரட்டுகிறார்கள். பலருக்குப் பாட்டனார் பெயர் கிடைப்பதில்லை. ‘அப்படி ஒரு ஆளே இல்லை போலிருக்கு’ன்னு பாதியில் விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் நாம் நின்று யோசிக்கணும். ஆள் இல்லையா, எழுதலையா?

எழுதாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி. கூலிக்காரன் யோசிப்பானா இல்லையா? பலர் பதியாமலே விட்டார்கள். மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் சில சேகரங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் பதிவேடே வந்தது. சபையை விட்டுப் பிரிந்தவர்கள் இன்னொரு கூட்டம். 1733-லேயே ஒரு பிளவு. 1843-ல் பெரும் பிளவு. போதகர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறி ‘சுயாதீன சபை’ கண்டார்கள். அந்த அலை நம்ம சென்னைக்கும் வந்தது. பின்னாளில் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியை 1837-ல் தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அந்தப் பக்கம் போனவரே. இப்படிப் பிரிந்தவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பழைய சேகரத்து ஏட்டில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரி, வேறு எங்கே தேடுவது? கடைசியிலிருந்து தொடங்கணும். 1785-ல் பிறந்த ஒரு நெசவாளி 1858-ல் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஞானஸ்நானப் பதிவு இல்லாவிட்டாலும், இறப்புப் பதிவில் தாய் தகப்பன் பெயரைக் கேட்டு எழுதியிருப்பார்கள். தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் இருக்கும். ஆனால் சொன்னவர் மருமகனாக இருந்தால், தவறாகவும் சொல்லியிருக்கலாம். அதை இன்னொரு சான்றோடு ஒத்துப் பார்க்கணும்.

அடுத்தது, போதகரும் மூப்பர்களும் சேர்ந்த சபைக் குழுவின் நடவடிக்கைக் குறிப்புகள். கல்யாணமாகாத பெண் கர்ப்பமானால் குழு அவளைக் கூப்பிட்டு, ‘தகப்பன் யார்?’ என்று விசாரித்து எழுதும். சபை நடுவே நிற்க வைத்த அவமானம் அது. ஆனாலும் வேறெங்கும் இல்லாத தகப்பன் பெயர் அங்கேதான் கிடைக்கிறது. ஏழைகளுக்குக் கொடுத்த உதவிப் பணம், சவத்தின் மேல் போர்த்தும் துணிக்கு வாங்கிய வாடகை, ஊர் மாறிப் போனவருக்குக் கொடுத்த நன்னடத்தைச் சான்று என்று எல்லாமே சபைக் கணக்கிலும் குறிப்பிலும் வரும். அடக்கப் பதிவு இல்லாத பாட்டி, போர்வைத் துணிக் கணக்கில் இருப்பாள். இந்தச் சபைக் குழு ஏடுகளின் படங்களை 2021 முதல் இணையத்தில் பார்க்க வழி செய்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. மூத்த மகனுக்குத் தகப்பனைப் பெற்ற தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாயைப் பெற்ற தாத்தா பெயர் என்று வைப்பது அங்கே பரவலான வழக்கம். நமக்குப் புதுசில்லை! இதனால் ஒரே சேகரத்தில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். பெயர் ஒத்துப்போச்சுன்னு உடனே சொந்தம் கொண்டாடக் கூடாது. தொழில், ஊர், மனைவி பெயர் மூன்றும் பொருந்தணும்.

தம்பி தங்கைகளே, ஏட்டில் விடுபட்டவர்களில் பெரும்பாலோர் யாரென்று கவனித்தீர்களா? காசில்லாதவர்கள், எளிதில் போய்ச் சேர முடியாத ஊர்க்காரர்கள், மாற்றுக் கொள்கைக்காரர்கள், கல்யாணமாகாத தாய்மார்கள். நாளைக்கு உங்களில் ஒருவர் அதிகாரியாக உட்கார்ந்து ஒரு பட்டியல் பார்ப்பீர்கள். ஒருவர் வந்து நிற்பார். அவர் பெயர் அதில் இருக்காது. ‘இல்லை, போய்ட்டு வாங்க’ என்று சொல்வதற்கு முன்னால், ஏன் இல்லை என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். பட்டியல் எழுதினவருக்கும் ஒரு எல்லை உண்டு.