ஊரில் விளைந்தது ஊருக்கே

தெலங்கானா மாநிலத்தின் ஜஹீராபாத் வட்டாரம் மானாவாரிப் பூமி. செம்மண்ணும் கரிசலும் கலந்த நிலம். அங்கே ஏறத்தாழ 75 ஊர்களின் பெண்கள், தங்கள் மண்ணில் விளைவதையே தங்கள் ஊர் உண்ண வேண்டும் என்று முடிவெடுத்து, அதை நடத்தியும் காட்டியவர்கள். பெரும்பாலும் தலித் சமூகத்தைச் சேர்ந்த குறுவிவசாயிகளான அவர்கள் ஊர்தோறும் சங்கம் அமைத்தார்கள். 1983-இல் தொடங்கப்பட்ட டெக்கான் டெவலப்மெண்ட் சொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது.

சோள ரொட்டியும் தினைச் சோறும் சாமைச் சோறும் அந்த வட்டாரத்தின் பழைய உணவு. அதே 1983-இல் ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேசத்தில் கிலோ 2 ரூபாய் அரிசித் திட்டம் வந்தது. பலருடைய பசியைத் தீர்த்த திட்டம் அது. ஆனால், பாசன வசதியுள்ள பகுதிகளில் விளைந்த அரிசி மலிவாக வந்து இறங்கியதும், மானாவாரி நிலத்தில் சோளமும் தினையும் விதைப்பது கட்டுப்படியாகவில்லை. நிலங்கள் தரிசாயின. கூலி வேலை குறைந்தது. தீவனமான சோளத்தட்டை இல்லாததால் மாடுகள் குறைந்தன; மாடுகள் குறைந்ததால் எருவும் குறைந்தது.

1990-களின் நடுவில் சங்கங்கள் சமூகத் தானிய நிதியை ஏற்படுத்தின. தரிசு வைத்திருந்தவர்களுக்கு உழவு, எரு, விதை, களையெடுப்பு என்று கட்டம் கட்டமாகக் கடன் தரப்பட்டது. கடனைப் பணமாகக் கட்ட வேண்டியதில்லை. சில ஆண்டுகளில் தானியமாக அளந்தால் போதும். அந்தத் தானியம் வெளியூர்க் கிடங்குக்குப் போகாமல் அந்தந்த ஊரிலேயே சேமிக்கப்பட்டது. வீட்டுக் கையிருப்பு தீர்ந்துபோகும் மழை மாதங்களில், ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தை விலையைவிடக் குறைவாக விற்கப்பட்டது. யார் ஏழை என்பதை அதிகாரிகள் முடிவு செய்யவில்லை. ஊரார் கூடி, தரையில் வண்ணப்பொடியால் ஊரின் படம் வரைந்து, வீடு வீடாகப் பேசித் தீர்மானித்தார்கள். விற்ற பணம் அடுத்த சாகுபடிக்குக் கடனாகப் போனது.

விதை பெண்களின் பொறுப்பு. அறுவடைக்கு முன்பே வயலில் நல்ல கதிர்களைப் பார்த்துப் பொறுக்குவார்கள். நன்றாகக் காயவைத்து, சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடையில் கொட்டி, மண்ணும் சாணமும் குழைத்து வாயைப் பூசிவிடுவார்கள். விதை இல்லாதவருக்கு அதைக் கொடுத்து, அறுவடைக்குப் பின் சற்றுக் கூடுதலாகத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

வயலில் ஒரே பயிர் நிற்பதில்லை. சோளத்தோடு துவரை, தினை, பாசிப்பயறு, உளுந்து, அவரை எனப் பலவும் கலந்து விதைக்கப்படும். மழை ஒன்றைக் கெடுத்தாலும் மற்றொன்று வீட்டுக்கு வந்து சேரும். விதைக்காமலே பயிரிடையே முளைக்கும் கீரைகளும் சட்டிக்குப் போகும். தானியம், பருப்பு, கீரை மூன்றும் ஒரே நிலத்திலிருந்து கிடைத்துவிடுகின்றன.

இந்த அறிவைப் பரப்பவும் வழி கண்டார்கள். ஆண்டுதோறும் சங்கராந்தியை ஒட்டி, மாட்டுவண்டிகளில் விதைகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திருவிழாவாகச் சென்றார்கள். 2008-இல் மாச்னூர் கிராமத்தில் தங்களுக்கென்று ஒரு சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். அவர்கள் விளைவித்த சோளம் போன்ற தானியங்கள் 2013-இன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் அரிசி, கோதுமையோடு இடம்பெற்றன; அவற்றின் விலை கிலோவுக்கு 1 ரூபாய் என வைக்கப்பட்டது. 2019-இல் இந்தப் பெண்களின் உழைப்புக்கு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு கிடைத்தது.

உள்ளூர் உணவை உண்ண வேண்டும் என்ற விருப்பம் பல வீடுகளில் உண்டு. ஆனால் ஒரு வீடு மட்டும் நினைத்தால் அது நிலைக்காது. விளைவிப்பவருக்குக் கடனும், வாங்குபவருக்குக் கட்டுப்படியாகும் விலையும், விதைக்கு ஒரு காப்பும், தானியத்துக்கு ஒரு கிடங்கும் ஒருசேர அமைய வேண்டும். இந்த நான்கையும் ஊர் கூடித்தான் செய்ய முடியும். வானம் பார்த்த பூமியில், கையில் காசில்லாத பெண்களே அதைச் செய்திருக்கிறார்கள். மற்ற ஊர்களாலும் முடியும்.