வணிகக் கல்வித் தேர்வில் விடை எழுதும் முறை

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கழகத்தின் வரலாற்றைப் பேசுதற்குரியோர் இம்மேடையில் பலர் உள்ளனர். நமக்கு அளிக்கப்பெற்றுள்ள தலைப்போ மிகச் சிறியது. பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கல்வித் தேர்வில் விடையை எவ்வாறு வகுத்து எழுதுவது என்பதே அது. நாம் வரலாறு படித்துப் பட்டம் பெற்றோம். வணிகவியல் நமது பாடமன்று. ஆயினும் தலைமையாசிரியர் பொறுப்பில் அமர்ந்த பின்னர் எல்லாப் பாடங்களின் விடைத்தாள்களும் நமது மேசைக்கு வந்து போகின்றன. அவற்றைப் புரட்டியதில் கண்டதையும், வணிகவியல் ஆசிரியர்களோடு அமர்ந்து கற்றதையுமே இங்குக் கூற விழைகின்றோம்.

இன்று இதனைப் பேச வேண்டிய காரணம் ஒன்று உண்டு. புதுவையில் நெடுங்காலம் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே நடைமுறையில் இருந்தது. 2023-24ஆம் கல்வியாண்டில் ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளும் பதினொன்றாம் வகுப்பும் மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பாடத்திட்டத்திற்கு மாறின. அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும் மாறின. 2025ஆம் ஆண்டில் நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் முதன்முறையாக அவ்வாரியத்தின் பொதுத் தேர்வை எழுதினர். பழைய முறையில் வணிகவியலுக்குத் தமிழில் விடை எழுத வழியிருந்தது. புதிய வாரியத்தின் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதவேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இது ஒரு மாற்றம்; அவ்வளவே. வீட்டில் எழுத்தறிந்தவரே இல்லாத பிள்ளைக்கு இது ஒரு மதில். நம் தெருப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் எந்தப் பக்கம் நிற்கின்றனர் என்பதை இச்சபைக்குச் சொல்லவேண்டியதில்லை.

அம்மதிலில் ஒரு வாயில் உண்டென்பதே நாம் சொல்ல வந்த செய்தி. வாரியம் தன் மதிப்பீட்டாளர்களுக்கு விதித்துள்ள நெறிமுறை என்ன? திருத்துதற்கென அளிக்கப்படும் விடைக்குறிப்பு கருத்துப் புள்ளிகளைச் சுட்டுவது மட்டுமே. மாணவர் தம் சொந்த நடையில் எழுதினும், கருத்து சரியாயிருப்பின் உரிய மதிப்பெண்ணை வழங்கவேண்டும் என்பதே. அழகிய ஆங்கிலத்திற்கு இங்குத் தனி மதிப்பெண் கிடையாது. ஐந்தாறு சொற்களில் அமைந்த எளிய வாக்கியம் போதும். பாடத்திற்குரிய கலைச்சொல்லை மட்டும் பிழையின்றிக் கற்றுக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். விடைத்தாளைத் திருத்துபவர் உங்கள் முகத்தைக் காண்பதில்லை. எந்தத் தெரு, யாருடைய பிள்ளை என்று கேட்பதற்கு அங்கே யாருமில்லை. அவர்முன் கிடப்பது நீங்கள் எழுதிய தாள் ஒன்றே.

இனித் தாளின் அமைப்பைக் காண்போம். எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், செயல்திட்டத்திற்கு 20. மூன்று மணி நேரத்தில் 34 வினாக்கள்: ஒரு மதிப்பெண் வினா 20, மூன்று மதிப்பெண் வினா 4, நான்கு மதிப்பெண் வினா 6, ஆறு மதிப்பெண் வினா 4. மூன்று மதிப்பெண்ணுக்கு 50 முதல் 75 சொற்கள், நான்குக்கு ஏறத்தாழ 150, ஆறுக்கு ஏறத்தாழ 200 என்று வினாத்தாளின் முகப்பிலேயே அச்சிட்டிருப்பர். ஒரு மதிப்பெண் வினாக்களை அரை மணியில் முடித்து, மூன்று மதிப்பெண்ணுக்கு 6 நிமிடம், நான்குக்கு 8, ஆறுக்கு 12 என வகுத்துக் கொண்டால், இரண்டரை மணியில் தாள் முடிந்துவிடும். எஞ்சிய அரை மணி படித்துத் திருத்துதற்கு. தொடக்கத்தில் வாசிப்பதற்கெனத் தரப்படும் 15 நிமிடத்தைப் பெருமாள் கோயில் சுண்டல் போல வாயில் போட்டு விழுங்கிவிடாதீர்கள். எந்த வினாவை முதலில் எழுதுவது என்று அப்பொழுதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வினாவின் ஏவற்சொல்லை அறியாது எழுதுவோர் மிகப் பலர். 'ஸ்டேட்' என்றால் கூறினால் போதும். 'எக்ஸ்ப்ளெய்ன்' என்றால் தலைப்பிட்டு விளக்கவேண்டும். 'டிஸ்டிங்குவிஷ்' என்றால் வேறுபடுத்தவேண்டும். வேறுபாடு கேட்ட இடத்தில் முதலில் ஒன்றைப் பற்றி ஒரு பத்தியும், பின்னர் மற்றதைப் பற்றி ஒரு பத்தியும் எழுதுதல் வீண். மூன்று பத்திகள் கொண்ட அட்டவணையை வரைந்து, முதற்பத்தியில் ஒப்பீட்டின் அடிப்படையை எழுதுங்கள். 'ஏதேனும் நான்கு' என்று கேட்ட இடத்தில் ஆறு எழுதுவதும் தாராளமன்று. அடுத்த வினாவின் நேரத்தைத் திருடுவதே. ஆறு மதிப்பெண்ணுக்கு நான்கு கருத்துகளைக் கேட்கும்போது, ஒவ்வொன்றின் தலைப்புக்கு அரை மதிப்பெண்ணும் விளக்கத்திற்கு ஒரு மதிப்பெண்ணுமாகப் பிரித்து வழங்குவதை வாரியம் வெளியிட்ட விடைக்குறிப்புகளில் காணலாம். தலைப்பிடாமல் ஒரே ஓட்டமாக எழுதுபவர், மதிப்பீட்டாளர் தேடி எடுக்கட்டும் என்று விட்டுவிடுகிறார். நாள் முழுதும் தாள் திருத்தியவருக்குத் தேடும் பொறுமை எவ்வளவு இருக்கும் என்பது ஆசிரியராகிய நமக்குத் தெரியும்.

புதிய முறையில் பிள்ளைகள் மிகவும் இடறுவது நிகழ்வு வினாக்களில்தான். ஆகையால் இதனைச் சற்று விரிவாகக் கூறுவோம். நாமே புனைந்த ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள்.

ஒரு ரொட்டிக் கிடங்கில் குமார் என்பவர் வேலை செய்கிறார். 'இருநூறு ரொட்டி வெந்து முடியும்வரை அடுப்பை விட்டு நகரக்கூடாது' என்கிறார் உற்பத்தி மேலாளர். அதே காலையில் விற்பனை மேலாளர் வந்து, 'உடனே உணவகங்களுக்குச் சரக்கை எடுத்துச் செல்' என்கிறார். குமார் இரண்டையும் அரைகுறையாகச் செய்கிறார். ரொட்டி கருகிற்று, சரக்கும் தாமதமாயிற்று. இருவரும் அவரையே கடிந்துகொள்கின்றனர். மீறப்பட்ட மேலாண்மைக் கோட்பாடு எது? வினாவிலுள்ள வரியை எடுத்துக்காட்டி விளக்குக.

நம் பிள்ளைகள் எப்படி எழுதுகின்றனர்? ஹென்றி ஃபயோல் பிறந்த ஆண்டில் தொடங்கி, அவருடைய பதினான்கு கோட்பாடுகளையும் வரிசையாக எழுதி, இறுதியில் 'ஆகவே கோட்பாடுகள் மிக இன்றியமையாதவை' என்று முடிக்கின்றனர். ஒன்றரைப் பக்கம் நிறைந்துவிடுகிறது. குமார் எங்குமே வரவில்லை! மனப்பாடம் செய்ததையெல்லாம் கொட்டிவிட்டால் ஏதேனும் கிடைக்கும் என்ற நம்பிக்கை அது. மேடைப் பேச்சுக்கு முன்னுரை வேண்டும். நாமும் சற்றுமுன் சொன்னோம். விடைத்தாளுக்கு அது வேண்டியதில்லை.

விடை இப்படி அமையலாம். முதல் வரி: 'மீறப்பட்ட கோட்பாடு கட்டளை ஒருமை.' அதை அடிக்கோடிடுங்கள். இரண்டாவது, சான்று வரி: 'அதே காலையில் விற்பனை மேலாளர் வந்து உடனே சரக்கை எடுத்துச் செல் என்கிறார்' என்பதை மேற்கோள் குறியுடன் அப்படியே எடுத்தெழுதுங்கள். மூன்றாவது, கோட்பாட்டின் பொருள்: 'ஒரு பணியாளர் ஒரு மேலதிகாரியிடமிருந்தே ஆணை பெறவேண்டும், அவருக்கே பொறுப்புரைக்கவேண்டும்.' நான்காவது, மீறியதன் விளைவு: 'இருவர் ஆணையிட்டதால் குமாருக்குக் குழப்பம் உண்டாயிற்று, அதிகாரம் வலுவிழந்தது, ஒழுங்கு கெட்டது, தவற்றுக்கு யார் பொறுப்பு என்று நிறுவ இயலவில்லை.' இவ்வளவே. இந்த நான்கு படிகளும் எல்லா நிகழ்வு வினாவிற்கும் பொருந்தும். திட்டமிடலாயினும், பணியமர்த்தலாயினும், நுகர்வோர் உரிமையாயினும் இதே வழிதான்.

இவ்விடத்தில் பலர் இயக்க ஒருமை என்று எழுதி ஏமாறுவர். இயக்க ஒருமை என்பது ஒரே நோக்கமுடைய செயல்களுக்கு ஒரு தலைமை, ஒரு திட்டம் என்பது. வினாவில் இடர்ப்படுவது ஓர் ஆளா, ஒரு செயல்தொகுதியா என்று கேட்டுப் பாருங்கள். ஆள் என்றால் கட்டளை ஒருமை. செயல் என்றால் இயக்க ஒருமை.

ஃபயோல் ஒரு பிரெஞ்சுக்காரர், சுரங்கப் பொறியாளர், தம் நூலை 1916இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டவர். அவருடைய பதினான்காம் கோட்பாடான 'எஸ்ப்ரி து கோர்' என்பதை உச்சரிக்க மாணவர்கள் திணறுகின்றனர். பக்கத்து வீட்டுச் சொல்தா தாத்தா யாரேனும் இருந்தால் கேளுங்கள். ஆங்கில ஆசிரியரைவிடச் செம்மையாகச் சொல்லுவார். பொருளும் சொல்லுவார்.

எடுத்துக்காட்டுகளுக்கு வருவோம். வணிகச் சூழலின் கூறுகளை விளக்குக என்றால், வழிகாட்டி நூலிலுள்ள அயல்நாட்டு நிறுவனங்களின் பெயரை எல்லாரும் எழுதுகின்றனர். நம் கடலூர்ச் சாலையிலுள்ள ஆங்கிலோ பிரெஞ்சு ஆலையை எழுதினால் என்ன குறை? 1898இல் தோன்றிய ஆலை அது. நம் குடும்பங்கள் பலவற்றிற்குச் சோறு போட்டது. 1936 ஜூலை 30 அன்று புதுவை ஆலைத் தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. இது சட்டச் சூழல். 2011 டிசம்பரில் 'தானே' புயல் ஆலையைச் சிதைத்தது. 2020இல் ஆலை மூடப்பட்டது. தலைப்பைப் பாடநூற்சொல்லில் எழுதி, ஒரே வரியில் இத்தகைய சான்றைச் சேர்த்தால், புரிந்து எழுதியவர் என்பது திருத்துவோர்க்கு விளங்கும். ஒரு வரிக்கு மேல் வேண்டா, அதனைக் கதையாக்கிவிடாதீர்கள்.

அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி வரும் பழைய குறிப்பேடுகளைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. 1986ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் மாவட்ட மன்ற வரம்பான 20 இலட்சத்தை இன்னும் எழுதுவோர் உளர். அச்சட்டம் இன்று இல்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆணையத்திற்கு ஒரு கோடி என்றது. 2021 டிசம்பரில் வந்த விதிகள் அதனை 50 இலட்சமாக்கின. ஏட்டின் ஆண்டைப் பார்த்துப் படியுங்கள்.

வரிசைப்பட எழுதுவதன் வலிமைக்கு அண்ணல் அம்பேத்கரைவிடச் சிறந்த சான்று தேடவேண்டியதில்லை. இலண்டன் பொருளியல் பள்ளியில் அவர் அளித்த 'ரூபாயின் சிக்கல்' ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தி எழுதுமாறு பணித்தனர். அவர் மீண்டும் எழுதி அளித்தார். 1923இல் அது ஏற்கப்பட்டது. அந்நூலுக்கு முன்னுரை வழங்கிய பேராசிரியர் எட்வின் கேனன், ஆசிரியரின் கருத்துகளோடு தமக்கு முழு உடன்பாடில்லை என்பதை அம்முன்னுரையிலேயே தெரிவித்தார். உடன்படாதவரையும் ஏற்கச் செய்தது வாதத்தின் ஒழுங்கு.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளை தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் பெறவில்லையெனில், வாரியத்திற்குக் கட்டணம் செலுத்தி விடைத்தாளின் படியைப் பெறலாம். அறிவிக்கும் நாள்களுக்குள் விண்ணப்பிக்கவேண்டும், பிந்தினால் பயனில்லை. மாதிரி வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் வாரியத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அச்செடுத்து இரண்டு தொகுதிகளாகக் கட்டிக் கழக நூலகத்தில் கொடுத்துள்ளோம். மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் முதலில் வினாவை எழுதிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு குறிப்பைத் திறக்கவேண்டும் என்று பொறுப்பாளரிடம் சொல்லியிருக்கின்றோம். வினாத்தொகுதி ஓர் அலமாரியிலும், விடைத்தொகுதி பூட்டிய மேசையிலும் இருக்கும். சாவியை எழுதிய தாளைக் காட்டிப் பெற்றுக்கொள்க.